தெரிந்தும் ஏன் ஊசியைப் பகிர்கிறார்கள்?

போதை மருந்தை ஊசி வழியாக ஏற்றிக்கொள்பவர்களிடம், ஒருவர் போட்ட ஊசியை மற்றொருவர் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், எச்.ஐ.வி. வரும் என்று பெரும்பாலானோர் சரியாகவே பதில் சொல்வார்கள். பல ஆண்டுகளாகக் களப்பணியாளர்கள் தெருத்தெருவாக நடந்து சொல்லிய செய்தி அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இருந்தும் ஊசி கைமாறுகிறது. இதற்கு அறியாமை என்றும் அலட்சியம் என்றும் காரணம் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். நெடுங்காலம் அப்படித்தான் எழுதப்பட்டது. ஆனால் அந்த முடிவு எடுக்கப்படுகிற சில நிமிடங்களில் அந்த மனிதரின் உடலும் மனமும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. மனச்சோர்வு, பதற்றம், உறக்கமின்மை, வாழ வேண்டும் என்ற விருப்பமே வற்றிப்போன நிலை ஆகியவற்றை போதைப் பழக்கத்தின் பக்க விளைவுகளாக ஒதுக்கிவைத்துவிட்டு, கையில் புது ஊசியை மட்டும் கொடுத்து அனுப்பினால் பாதி வேலைதான் நடக்கிறது.

முதலில் பகிர்வு என்பது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே ஊசியை ஒருவர் மாற்றி ஒருவர் குத்திக்கொள்வது அதன் வெளிப்படையான வடிவம். அதைவிட எளிதில் கண்ணில் படாத வடிவங்களே அதிகம். இரண்டு பேர் பணம் போட்டு மருந்து வாங்குகிறார்கள். அதைச் சமமாகப் பங்கிட வேறு அளவுகோல் இல்லாததால், ஒரு சிரிஞ்சில் இழுத்து, அதன் மேலுள்ள கோடுகளைப் பார்த்து, பாதியை மற்றவரின் சிரிஞ்சுக்குள் செலுத்துகிறார்கள். பொடியைக் கரைத்த பாட்டில் மூடி ஒன்று, வடிகட்டிய பஞ்சு ஒன்று, தண்ணீர் வைத்த குவளை ஒன்று. ஆளுக்கொரு ஊசி இருந்தும் இவை எல்லாம் பொதுவாகவே இருக்கின்றன. 'நான் யாருடைய ஊசியையும் போடுவதில்லை' என்று அவர் சொல்வது பொய் இல்லை. ஆனாலும் ஒருவரின் ரத்தம் மற்றவரின் சிரிஞ்சுக்கு வந்துசேர்ந்துவிடுகிறது. ஊசிமுனையைத் தனியே கழற்றும் வகைச் சிரிஞ்சுகளில் மருந்து முழுவதையும் தள்ளிய பிறகும் கழுத்துப் பகுதியில் சிறிதளவு திரவம் தங்கிவிடும். அத்தகைய சிரிஞ்சுகளில், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி கிருமி 63 நாள் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும் என்பது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்தது. எச்.ஐ.வி.யைக் காட்டிலும் ஹெப்படைட்டிஸ் சி இவர்களிடம் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு இந்தப் பஞ்சும் மூடியும் முக்கியக் காரணம்.

இந்தியாவில் இது சிறு கூட்டத்தின் பிரச்சினை அன்று. சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, ஊசி வழியாகப் போதை மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலானோர் போட்டுக்கொள்வது ஹெராயின் அல்லது ஓபியம் வகையைச் சேர்ந்த வலிநிவாரணி மருந்துகள். நாட்டின் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. உள்ளோர் சுமார் 0.2 சதவீதம், ஊசிப் போதைப் பழக்கம் உள்ளோரிடையே 2021 கண்காணிப்பின்படி அது 9 சதவீதத்தைத் தொடுகிறது. மணிப்பூரில் 1989-க்குப் பிந்தைய சில மாதங்களுக்குள்ளாகவே, பரிசோதிக்கப்பட்ட ஊசிப் பயனர்களில் பாதிப் பேரிடம் கிருமி காணப்பட்ட வேகத்தை அன்று அங்கு பணியாற்றியவர்கள் மறக்கவில்லை.

சென்னையின் கதை சற்று வேறு. 1980-களில் பிரவுன் சுகர் எனப்படும் தூய்மையற்ற ஹெராயினைப் புகைத்துக்கொண்டிருந்தவர்களில் பலர், 1990-களின் தொடக்கத்தில், சரக்குத் தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்தபோது, மருந்துக் கடையில் கிடைத்த, ஓபியம் வகை வலிநிவாரணியான புப்ரெனார்ஃபின் ஊசி மருந்துக்கு மாறினார்கள். டெல்லி, கொல்கத்தா நகரங்களிலும் இதே மாற்றம் நடந்தது. புப்ரெனார்ஃபினுடன் தூக்க மருந்தான டையாசிபாமையோ ஒவ்வாமைக்குத் தரும் மருந்துகளையோ கலந்து போடும் வழக்கமும் கூடவே வளர்ந்தது. 1986-இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்த குழுவுக்கு வழிகாட்டிய மருத்துவர் சுனிதி சாலமன் பின்னர் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம், 2000-களின் நடுப்பகுதியில் இந்நகரின் ஊசிப் பயனர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ச்சியாகக் கவனித்துவந்தது. அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. தொடர் கவனிப்பின்போது புதிய தொற்று குறைவாகவே ஏற்பட்டது என்பது நல்ல செய்தி. ஆனால் இறந்துபோனவர்கள் அதிகம். இறப்புக் காரணங்களில் மருந்தின் அளவு மீறிப்போனது முன்னணியில் இருந்தது. கிருமியைத் தடுக்கும் வேலை ஓரளவு வென்ற இடத்திலும் மனிதர்கள் வேறு வழியில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

மனநிலை எங்கே நுழைகிறது? ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். காலையில் ஹெராயின் போட்டவருக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள், பயனர்கள் 'டர்க்கி' என்று அழைக்கும் விலகல் அவதி தொடங்கிவிடும். மூக்கு ஒழுகும், கொட்டாவி நிற்காது, எலும்புக்குள் வலிக்கும், வயிறு கலங்கும், உடம்பு முழுக்கச் சிலிர்க்கும். இவற்றோடு சேர்ந்து வரும் தவிப்பு, உடல் வலியைவிடக் கொடியது என்று பலர் சொல்வார்கள். அந்நேரத்தில் கையில் மருந்து இருக்கிறது, ஊசி இல்லை. மருந்துக் கடைக்குப் போனால் ஆளைப் பார்த்ததும் சிரிஞ்சு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஊசி தரும் திட்டத்தின் மையம் மாலையில் பூட்டியிருக்கும். பக்கத்தில் நண்பர் போட்டு முடித்த ஊசி கிடக்கிறது. எச்.ஐ.வி. பற்றிய அறிவு அவர் மூளையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பல ஆண்டு கழித்து வரப்போகும் நோய்க்கும் இந்த நிமிடத்து அவதிக்கும் இடையே போட்டி என்றால் எது வெல்லும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தப் போட்டியில் மனச்சோர்வு தன் பங்குக்கு ஒரு பக்கத்தின் எடையைக் கூட்டிவிடுகிறது. ஊசியைத் தவிர்ப்பது, புதிதாக ஒன்றைத் தேடிப்போவது, மறுநாள் மருத்துவமனைக்குச் செல்வது ஆகிய அனைத்தும் நாளை என்று ஒன்று இருக்கிறது, அதில் தனக்கும் இடமிருக்கிறது என்ற நம்பிக்கையின்மேல் நிற்பவை. மனச்சோர்வு முதலில் அழிப்பது அந்த நம்பிக்கையைத்தான். 'எப்படியும் சாகப்போகிறவன்தானே' என்று நினைக்கத் தொடங்கிவிட்டவரிடம் நோய் வரும் என்று எச்சரிப்பதில் பயனில்லை. அவர் அதை ஒப்புக்கொண்டுவிட்டு அதே ஊசியைப் போடுவார். தன்னைத்தானே வெறுக்கும் மனநிலை, தன் உடலைக் காப்பதில் அர்த்தமில்லை என்ற இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து விட்டிருக்கும்.

பதற்றம் வேறு விதமாக வேலை செய்கிறது. கை நடுங்குகிறவர் தானே நரம்பைக் கண்டுபிடித்துப் போட முடியாமல் மற்றவரிடம் கையை நீட்டுகிறார். போட்டுவிடுபவரின் ஊசி, போட்டுவிடுபவரின் வரிசை, போட்டுவிடுபவரின் விருப்பம் என்று ஆகிவிடுகிறது. போலீஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாம் அவசர அவசரமாக நடக்கும். இடத்தைத் துடைப்பதோ, குத்தும் இடத்தை மாற்றுவதோ நடப்பதில்லை. தோலடியில் சீழ்க்கட்டி வந்து, அது புண்ணாகி, சில சமயம் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைக்குப் போகும். உறக்கம் வராததால் சேர்க்கப்படும் தூக்க மாத்திரைகள் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகின்றன: அவை சுயகட்டுப்பாட்டைத் தளர்த்துவதோடு நினைவையும் அழிக்கின்றன. நேற்றிரவு யாருடைய ஊசியைப் போட்டோம் என்பது மறுநாள் காலையில் அவருக்கே தெரியாது. ஓபியம் வகை மருந்தும் தூக்க மருந்தும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும் அபாயம் பன்மடங்கு கூடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

தனிமையையும் குறைத்து மதிப்பிட முடியாது. வீட்டை விட்டு விலக்கப்பட்டவருக்கு, நடைபாதையில் கூட இருக்கும் இரண்டு பேர்தான் உறவு. அவர்கள் நீட்டும் ஊசியை மறுப்பது, 'உன்மேல் எனக்குச் சந்தேகம்' என்று முகத்துக்கு நேரே சொல்வதாகும். இருக்கும் ஒரே உறவையும் இழக்கத் துணிவதற்கு மனத்தெம்பு வேண்டும். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கடுமையாகிறது. பெரும்பாலும் கணவரோ துணைவரோ போட்டு முடித்த பிறகுதான் அவர்கள் முறை வரும். ஊசியைப் போட்டுவிடுவதும் அவரே. வன்முறையும் ஒளிவுமறைவான வாழ்க்கையும் சேர்ந்த மனநிலையில், புது ஊசி வேண்டும் என்று கேட்பதே அடிவாங்குவதற்குக் காரணமாகிவிடலாம். ஆண்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட மையங்களுக்கு இந்தப் பெண்கள் வருவதும் அரிது.

2010-களின் தொடக்கத்தில் டெல்லியில் ஊசிப் போதைப் பழக்கம் உள்ள ஆண்களிடையே நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றில், ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மனச்சோர்வுக்கான அறிகுறிகள் காணப்பட்டன; பாதிக்கு மேற்பட்டோர் முந்தைய ஓராண்டில் தற்கொலை பற்றி எண்ணியிருந்தார்கள்; மூன்றில் ஒருவருக்கு மேல் அதற்கு முயன்றும் இருந்தார்கள். இந்த எண்களைக் கவனமாகத்தான் வாசிக்க வேண்டும். இத்தகைய ஆய்வுகளில் பயன்படும் வினாப்பட்டியல்கள், கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, அசதி உண்டா, ஒன்றில் மனம் ஊன்ற முடிகிறதா என்றெல்லாம் கேட்பவை. விலகல் அவதியில் இருக்கும் எவரும் இவை அனைத்துக்கும் 'ஆம்' என்றுதான் சொல்வார். நடைபாதையில் தூங்குகிறவருக்கும் பட்டினி கிடப்பவருக்கும் அப்படியே. ஆகவே அறிகுறி உள்ளவர்கள் அனைவரும் மனச்சோர்வு நோயாளிகள் என்று கூறிவிட முடியாது. ஆனால் தற்கொலை எண்ணத்தையும் முயற்சியையும் அப்படித் தள்ளுபடி செய்ய வழியில்லை. அவை தூக்கமின்மையையோ பசியையோ அளந்து வந்த எண்கள் அல்ல.

எது முதலில் வந்தது என்ற கேள்விக்கும் ஒற்றை விடை இல்லை. சிறுவயதில் அடியும் இழப்பும் கண்டு, அந்த வலியை மறக்க மருந்தைத் தொட்டவர்கள் உண்டு. மருந்தைத் தொட்டதால் வேலையும் குடும்பமும் போய் மனம் உடைந்தவர்களும் உண்டு. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த நாளிலிருந்து ஊசியில் இன்னும் கவனமில்லாமல் போனவர்களும் உண்டு. மருந்தினால் வந்த மனச்சோர்வா, தனித்து நிற்கும் மனச்சோர்வா என்று பிரித்தறிய, மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பது மனநல மருத்துவத்தின் மரபான அறிவுரை. பாடப்புத்தக அளவில் அது சரியானதுதான். நடைமுறையிலோ, 'முதலில் நிறுத்திவிட்டு வா, பிறகு மனதைப் பார்க்கலாம்' என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதற்கான வாசகமாக அது மாறிவிட்டது. நிறுத்த முடியாததற்கே மனம் ஒரு காரணமாக இருக்கும்போது இந்த நிபந்தனை அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

இதற்குப் பின்னால் அமைப்பு சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் ஊசி வழங்கும் திட்டமும், போதை மருந்துக்குப் பதிலாக மேற்பார்வையில் வேறு மருந்து தரும் மாற்று மருந்து சிகிச்சையும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் வருகின்றன. போதை மறுவாழ்வு மையங்கள் சமூக நீதி அமைச்சகத்தின் கீழ். மாவட்ட மனநலத் திட்டம் சுகாதாரத் துறையின் வேறொரு பிரிவின் கீழ். ஒரே மனிதரின் ஊசிக்கு ஓர் அலுவலகம், பழக்கத்துக்கு ஓர் அலுவலகம், மனத்துக்கு ஓர் அலுவலகம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2009-இல் வகுத்த ஒன்பது அம்சச் சேவைத் தொகுப்பில் ஊசி, மாற்று மருந்து, பரிசோதனை, ஆணுறை, காசநோய், ஹெப்படைட்டிஸ் எல்லாம் இருந்தன, மனநலம் இல்லை. பிந்தைய வழிகாட்டுதல்கள் அதைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் திட்டங்களும் நிதி ஒதுக்கீடுகளும் பெரும்பாலும் முதல் தொகுப்பின் அச்சில் வார்க்கப்பட்டவையாகவே இருக்கின்றன. மனநலச் சட்டம் 2017, மதுவும் போதைப் பொருளும் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. எனவே ஊசிப் பயனருக்கு மனநலச் சிகிச்சை பெறுவது சட்டப்படியான உரிமை. அதை நடைமுறையில் தரக்கூடிய ஆள்தான் அவர் போகும் இடத்தில் இல்லை.

சட்டத்தின் மறுபக்கமும் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம், உட்கொள்வதையே தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. தாமாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கும் பிரிவு அதே சட்டத்தில் இருந்தாலும், தெருவில் பிடிபடுகிறவருக்கு அது எட்டுவதில்லை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், தொற்றைக் குறைப்பதற்காகச் சுத்தமான ஊசி வழங்குவது குற்றமாகாது என்று தெளிவாகவே சொல்கிறது. ஆயினும் சட்டைப் பையில் சிரிஞ்சு இருந்தால் சாட்சியாகிவிடும் என்ற பயம் போகவில்லை. அதனால் ஊசியை உடன் எடுத்துச் செல்லாமல் சுவர் இடுக்கிலும் புதரிலும் ஒளித்துவைக்கிறார்கள். அங்கிருந்து எடுப்பது அவரவர் ஊசிதானா என்று யாருக்கும் தெரியாது. எந்நேரமும் துரத்தப்படுகிறோம் என்ற உணர்வே ஒரு மனநலச் சுமை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாற்றத்துக்கு மிக அருகில் இருக்கும் இடம் மாற்று மருந்து சிகிச்சை மையம் என்பது என் கருத்து. டெல்லியில் ஷரன் என்ற தொண்டு நிறுவனம் 1990-களிலேயே தொடங்கிய இம்முறையை, 2007-க்குப் பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. மையத்துக்கு வருபவருக்கு செவிலியர் புப்ரெனார்ஃபின் மாத்திரையைப் பொடித்து நாவுக்கு அடியில் வைக்கிறார். கரையும் வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பின் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போகலாம். விலகல் அவதி அடங்குவதால் ஊசியின் அவசரம் குறைகிறது. பலருக்கு முதல் சில வாரங்களிலேயே மனச்சோர்வின் அறிகுறிகளும் தணிகின்றன. தணியாதவர்கள் யார் என்று அப்போது தெளிவாகத் தெரியும். மனநல மருத்துவரின் கவனம் முதலில் செல்ல வேண்டியது அவர்களிடம்தான். மனச்சோர்வு மருந்துகள் மட்டும் இவர்களிடம் எவ்வளவு பலன் தருகின்றன என்பதில் ஆய்வு முடிவுகள் ஒருமித்து இல்லை. மாற்று மருந்தோடும் தொடர்ந்த உரையாடலோடும் சேரும்போதுதான் எதிர்பார்க்க இடமிருக்கிறது. மாத்திரை கரையும் அந்தச் சில நிமிடங்கள், நாடே தேடிக்கொண்டிருக்கும் மனிதர் நாள்தோறும் தானே வந்து உட்காரும் நேரம். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று அப்போது நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படாது என்பது மனநல மருத்துவத்தில் உறுதிப்பட்ட செய்தி. ஆனால் கேட்டுவிட்டு, ஆம் என்ற பதில் வந்தால் யாரிடம் அனுப்புவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்பவரும் சில நாளில் கேட்பதை விட்டுவிடுவார்.

தற்கொலையும் அளவு மீறிய மரணமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இறந்தவர் வேண்டுமென்றே அதிகம் போட்டாரா, கணக்குத் தவறியதா, அல்லது எப்படி ஆனாலும் சரி என்ற நிலையில் போட்டாரா என்பதைப் பிணக்கூறாய்வு சொல்லாது. சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளிவந்த முதல் இரண்டு வாரங்கள் இதில் மிக ஆபத்தானவை. இடைப்பட்ட காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துபோயிருக்கும். ஆள் பழைய அளவையே போடுவார். வீட்டுக்கு வந்தவர் மீண்டும் போட்டுவிட்டால், 'இவ்வளவு செலவு செய்தும் திருந்தவில்லையே' என்ற குடும்பத்தின் சொல்லும் தன்மீதே அவருக்கு எழும் அருவருப்பும் ஒரே நேரத்தில் வந்து சேரும் நாட்களும் அவைதான். நின்றுபோகும் மூச்சை மீட்கும் நாலாக்சோன் மருந்து நம் மருத்துவமனைகளில் இருக்கிறது; பயனரின் குடும்பத்தார் கையில் அதைக் கொடுத்து, பயன்படுத்தக் கற்றுத்தரும் வழக்கம் பல நாடுகளில் இருந்தும் இங்கே இன்னும் வேர்பிடிக்கவில்லை.

இப்போது தமிழ்நாட்டில் கவலைக்குரிய புதிய அலை ஒன்று எழுந்திருக்கிறது. டிரமடால் 2018-இல் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்ட பிறகு, டேபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகள் அந்த இடத்துக்கு வந்தன. சென்னையிலும் வேறு ஊர்களிலும் இளைஞர்கள் இவற்றைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வதாகக் காவல்துறைச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையில் கரையாத மாவுப் பொருள்கள் கலந்திருக்கும். அவை ரத்தக் குழாயை அடைக்கும், நுரையீரலில் போய்த் தங்கும், குத்திய இடத்தைப் புண்ணாக்கும். ஊசித் திட்டங்களோ இருபது முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள நடுவயதினரை நன்கு அறிந்தவை. கல்லூரி வயதுப் பையன்கள் அங்கே வருவதில்லை. தாங்கள் ஊசிப் பயனர்கள் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. வீட்டில் சண்டை, தேர்வில் தோல்வி, வேலையில்லாத் திண்டாட்டம் என்று அவர்களின் மனத்தை அழுத்துபவை வேறாக இருக்கலாம். நண்பர் வட்டத்தில் ஊசி கைமாறும் விதம் மட்டும் பழையதுதான்.

இவர்கள் அரசு அமைப்பை முதன்முதலாகச் சந்திக்கும் இடங்கள் இரண்டு: காவல் நிலையம், அல்லது சீழ்க்கட்டியோடு வந்து நிற்கும் அரசு மருத்துவமனை அறுவைப் பிரிவு. இரண்டாவது இடத்திலாவது, கட்டியைக் கீறிச் சுத்தம் செய்யும் மருத்துவர் அவரை அன்றே அதே வளாகத்தில் உள்ள மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டோடு அனுப்பிவைக்க முடியும். எச்.ஐ.வி.க்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தம் எடுக்கும்போதே, தூக்கத்தையும் மனத்தையும் பற்றி நான்கு கேள்விகள் கேட்க முடியும். வீட்டுக்குப் போன பிறகு இரவில் மனம் கலங்கினால், 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம் என்று அந்தச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுக்க முடியும். இதற்குப் புதிய சட்டமோ தனிக் கட்டடமோ தேவையில்லை. அந்தப் பையன் உட்கார்ந்திருக்கும்போது கையில் காவல்துறைத் தகவல் படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்காமல் இருந்தால் போதும்.